வசனத்திலிருந்து புத்தகத்துக்கு: கல்லூரியில் வேதாகமம் படிக்கப் போகிறவர்களுக்கு

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது குமரி மாவட்டத்தின் பல சபைகளில் ஒரு சிறு அட்டை கொடுப்பார்கள். புத்தாண்டுக்கான வாக்குத்தத்த வசனம். வீட்டுக் கதவிலும் ஆட்டோ கண்ணாடியிலும் அது வருஷம் முழுக்க ஒட்டியிருக்கும். அப்படி அடிக்கடி வருகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்றால் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. யார், யாருக்கு, எந்த நிலைமையில் எழுதிய கடிதம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கல்லூரிப் படிப்பு தொடங்குகிற இடம் அந்தக் கேள்விதான். அட்டையில் இருக்கும் வசனத்தைக் கடிதத்துக்குள்ளும், கடிதத்தைப் புத்தகத்துக்குள்ளும், புத்தகத்தை அது பிறந்த காலத்துக்குள்ளும் திரும்பக் கொண்டுபோய் வைத்துப் படிக்கப் பழகுவது. மீதி எல்லாம் அதற்கான கருவிகள்.

மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806இல். அங்கே ஆலயம் எழும்பியது 1809இல். அன்றிலிருந்து இந்த மாவட்டத்தில் வேதாகமம் வீட்டுக்குள் இருக்கிற புத்தகம். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம், வாலிபர் சங்கத்தில் வேத வினாடி வினா, கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி வகுப்பு என்று ஒரு பிள்ளை பிளஸ் டூ முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான வசனங்களை வாயில் வைத்திருக்கும். வேறு ஊர் மாணவர்களுக்கு இல்லாத பெரிய முதல் இது. இதன் மறுபக்கமும் உண்டு. வசனங்கள் தனித்தனியாக மனதில் தங்கிவிட்டதால், அவற்றைச் சுற்றியிருக்கும் பக்கங்கள் கண்ணில் படுவதே இல்லை. ‘தெரிந்த’ பகுதியில்தான் முதலாண்டு மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தெரியாத சிறு புத்தகங்களான ஆகாய், ஓபதியாவில் ஒழுங்காக எழுதுகிறார்கள்.

பிரசங்கக் குறிப்பும் பாடக் கட்டுரையும்

வீட்டு ஜெபத்தில் வேதத்தைத் திறக்கும்போது, இது இன்றைக்கு எனக்கு என்ன சொல்கிறது என்று பார்க்கிறோம். பிரசங்கம் ஆயத்தம் செய்கிறவர், சபைக்கு என்ன சொல்லலாம் என்று பார்க்கிறார். வகுப்பில் முதலில் கேட்கப்படும் கேள்வி, இதை முதன்முதலில் கேட்டவர்களுக்கு இது என்ன சொன்னது என்பது. இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடும் வேலைக்குத்தான் ‘எக்ஸிஜீசிஸ்’ என்று பெயர். தமிழில் ‘பொருள் விளக்கம்’ என்றும் எழுதுவார்கள். முதல் இரண்டு கேள்விகளும் தப்பில்லை. அவை கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு உரியவை. ‘ஆகவே பிரியமானவர்களே’ என்று இரண்டாம் பத்தியிலேயே வந்துவிட்டால் மதிப்பெண் குறையும். குறைவது பக்திக்காக இல்லை, வேலை செய்யாமல் முடிவுக்குப் போனதற்காக.

எரேமியா 29: ஒரு பகுதியை எப்படிப் பிரித்துப் படிப்பது

முதல் வேலை எல்லையைக் குறிப்பது. பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? அதிகார எண்ணை நம்பக் கூடாது. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551இல் ராபர்ட் எத்தியேன் அச்சிட்டவை. எரேமியா 29இல் 1 முதல் 3 வரை முன்னுரை, 4இல் கடிதம் தொடங்குகிறது, 14இல் ஒரு நிறுத்தம் வருகிறது. அதன்பிறகு பாபிலோனிலிருந்த சில தீர்க்கதரிசிகளைப் பற்றிய கண்டனம், கடைசியில் செமாயா என்பவரோடு வழக்கு. ஆகவே நம் பகுதி 29:1–14. எல்லையை ஏன் அங்கே போட்டீர்கள் என்று நான்கு வரியில் காரணம் எழுத வேண்டும். மாணவர்கள் பலர் விட்டுவிடுகிற நான்கு வரி அது.

அடுத்து, மூன்று மொழிபெயர்ப்புகளில் சத்தமாக வாசிப்பது. சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871இல் பவர் தலைமையில் வந்த பதிப்பின் வழி வருவது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் 1995இல் வந்தது. மூன்றாவதாக ஆங்கிலத்தில் ஒன்று. இவை எங்கெல்லாம் வேறுபடுகின்றனவோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். 11ஆம் வசனத்தில் பழையது ‘எதிர்பார்த்திருக்கும் முடிவு’ என்கிறது. புதியவை ‘எதிர்காலம்’, ‘நம்பிக்கை’ என்று இரண்டாகத் தருகின்றன. மூலமொழியான எபிரெயத்தில் அங்கே ‘உம்’ சேர்த்த இரண்டு சொற்கள் இருக்கின்றன. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் ஒரே கருத்தாகச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டுமே நியாயமான வழிதான். மொழிபெயர்ப்புகள் விலகும் இடம் எதுவோ, மூலத்தில் யோசிக்க வேண்டிய இடமும் பெரும்பாலும் அதுவே. எபிரெயம் தெரியாத முதலாண்டிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, சொல் தேடல். ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியப் புத்தகம் இதற்குத்தான். ‘சமாதானம்’ இந்தப் பகுதியில் எத்தனை முறை வருகிறது? பழைய மொழிபெயர்ப்பில் 7ஆம் வசனத்தை மெதுவாக வாசியுங்கள். மூன்று முறை வரும். ‘பட்டணத்தின் சமாதானத்தைத்’ தேடுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும். எந்தப் பட்டணம்? பாபிலோன். தங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போன எதிரியின் தலைநகர். 11ஆம் வசனத்திலுள்ள சமாதானமும் எபிரெயத்தில் அதே ஷாலோம்தான். அட்டையில் தனியாக நிற்கும்போது என் வீட்டுச் சமாதானமாகத் தெரிகிற சொல், கடிதத்துக்குள் எதிரியின் ஊரோடு கட்டப்பட்டிருக்கிறது.

‘உங்கள்பேரில்’ என்பதையும் கவனியுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் ஒருவரிடம் பேசினால் பெரும்பாலும் ‘நீ’, ‘உன்’ என்றே பேசுவார். இங்கே பன்மை. கேட்பது ஒரு கூட்டம்.

நான்காவது, காலம். கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தார். பாபிலோனியரின் ஆண்டுக்குறிப்புப் பலகை ஒன்றில் இது பதிவாகியிருக்கிறது; அதில் உள்ள நாளை இன்றைய கணக்கில் மார்ச் 16 என்று கணிக்கிறார்கள். அரசன் எகொனியா, அதாவது யோயாக்கீன், அரச குடும்பத்தோடும் கைவினைஞர்களோடும் கொண்டுபோகப்பட்டார். பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில் அவருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கே இருக்கிறது. எருசலேமில் சிதேக்கியா அரசரானார். ஆலயம் இன்னும் இடிக்கப்படவில்லை. அது கி.மு. 587 அல்லது 586இல் நடந்தது. இந்த இடைப்பட்ட பத்துச் சொச்சம் ஆண்டுகளில்தான் எருசலேமிலிருந்து எரேமியாவின் கடிதம், பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குப் போகிறது. கொண்டுபோனவர்கள் சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள். அவர்களில் ஒருவர் சாப்பானின் மகன். 26:24இல் எரேமியாவைச் சாவிலிருந்து காப்பாற்றியதும் சாப்பானின் இன்னொரு மகன்தான். பயணம் எவ்வளவு தூரம் என்று அறிய எஸ்றா 7:9 உதவும். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு எஸ்றாவுக்கு நான்கு மாதம் ஆயிற்று.

ஐந்தாவதாக, முன்னும் பின்னும். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டு ஆண்டுக்குள் எல்லாம் சரியாகிவிடும், ஆலயப் பாத்திரங்களும் ஜனங்களும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறார். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறார். அடுத்த அதிகாரத்தில் எரேமியா எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் முடித்துவையுங்கள், எழுபது ஆண்டு ஆகும். 10ஆம் வசனத்தில் எழுபது ஆண்டு, 11ஆம் வசனத்தில் நல்ல நினைவுகள். கடிதத்தைக் கேட்ட முப்பது வயதுக்காரர் கணக்குப் போட்டால் அவருக்கு விஷயம் புரிந்திருக்கும். திரும்பிப் போவது அவரில்லை, அவருடைய பேரன்.

இப்போது அட்டைக்கு வாருங்கள். இந்த வசனத்தை ‘இந்த ஆண்டிலேயே உனக்கு நல்ல முடிவு’ என்று படித்தால் அது அனனியா சொன்ன செய்திக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. எரேமியா எதை மறுத்தாரோ அதையே அவர் வாயால் சொல்லவைக்கிறோம். அட்டை அச்சடிப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கட்டுரையில் 11ஐ 10 இல்லாமல் விளக்கினால் எந்த ஆசிரியரும் அதை ஏற்கமாட்டார்.

ஆறாவது, மூலப் பிரதிகள். எரேமியா இதற்கு நல்ல பாடம். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்தில் எரேமியா எபிரெயத்தைவிடக் கணிசமாகச் சிறியது; அதிகார வரிசையும் வேறு. நமக்கு 29 என்பது அங்கே 36. 16 முதல் 20 வரையுள்ள வசனங்கள் அங்கே இல்லை. சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த எபிரெயத் துண்டுகள் சில அந்தக் குறுகிய வடிவத்தோடு ஒத்துப்போகின்றன. ஆகவே ஒரே புத்தகம் இரண்டு வடிவங்களில் புழங்கியிருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். நம் பகுதிக்கு இதனால் பெரிய மாற்றமில்லை; இரண்டு பத்தியில் குறித்துவிட்டு நகரலாம்.

இவ்வளவும் முடித்த பிறகுதான் விளக்கவுரையைத் திறக்க வேண்டும். நான்கு வாரக் கெடு கொடுத்திருந்தால் முதல் இரண்டு வாரமும் வேதாகமமும் ஒத்தவாக்கியமும் வேத அகராதியும் மட்டும். மூன்றாம் வாரம் குறைந்தது இரண்டு விளக்கவுரை, அதுவும் கருத்து வேறுபடுகிற இரண்டு. நான்காம் வாரம் எழுத. முதல் நாளே விளக்கவுரையைத் திறந்தவரின் கட்டுரையைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். பகுதியில் இல்லாத கேள்விகளுக்கெல்லாம் அதில் பதில் இருக்கும்.

நம் மழையும் அவர்கள் மழையும்

பின்னணி தெரியாமல் படிப்பதால் வரும் நஷ்டத்துக்கு, குமரிக்காரர்களுக்கென்றே ஓர் உதாரணம் 1 சாமுவேல் 12. ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டது தப்பு என்று காட்ட, சாமுவேல் இடிமுழக்கத்தையும் மழையையும் வரவழைக்கிறார், ஜனங்கள் நடுங்கிப்போகிறார்கள். மழைக்கு ஏன் நடுங்க வேண்டும்? விடை 17ஆம் வசனத்தில் இருக்கிறது. அது கோதுமை அறுப்புக் காலம். பாலஸ்தீனத்தில் கோதுமை அறுப்பு மே, ஜூன் மாதங்களில். அங்கே மழை அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் நின்றுவிடும். அதன்பின் இலையுதிர் காலம் வரை வானம் காய்ந்து கிடக்கும். நமக்கோ ஜூன் என்றால் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் அந்த மாதத்தில் இடியோடு மழை கொட்டாவிட்டால்தான் அதிசயம். ஆகவே இந்தப் பகுதியை நம் ஊர் மழையை மனதில் வைத்து வாசித்தால் அடையாளமே அடையாளமாகத் தெரியாது.

முன்மாரி, பின்மாரியும் இப்படித்தான். நமக்கு இரண்டு பருவமழை உண்டு என்பதால் அவை இரண்டும் இடவப்பாதியும் ஐப்பசி மழையும் என்று மனம் தானாகவே பொருத்திக்கொள்ளும். அங்கே அது ஒரே மழைக்காலத்தின் தொடக்கமும் கடைசியும். முன்மாரி உழுவதற்கும் விதைப்பதற்கும் நிலத்தை இளக்குவது. பின்மாரி மார்ச், ஏப்ரலில் கதிர் முற்ற உதவுவது. ஒரு நல்ல வேத அகராதியும், மலை, பள்ளத்தாக்கு தெரியும் வரைபடம் ஒன்றும் இல்லாமல் பழைய ஏற்பாட்டைத் தொட வேண்டாம்.

மூன்று நற்செய்திகளும் ஒரு தாளும்

புதிய ஏற்பாட்டில் முதலாண்டின் பெரிய தலைப்பு, மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன, ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பது. மாற்கின் உள்ளடக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவாக, மாற்கில் இல்லாத சுமார் 230 வசனங்கள் உண்டு. மாற்கு முதலில் எழுதப்பட்டது, மற்ற இருவரும் அதையும் இன்னொரு போதனைத் தொகுப்பையும் பயன்படுத்தினார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் விளக்கம். அந்தத் தொகுப்புக்குக் ‘கியூ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பிரதி எங்கும் கிடைக்கவில்லை, அது ஓர் ஊகம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கியூ தேவையில்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டுப் புரிந்துகொள்வது கடினம், செய்து பார்த்தால் எளிது. ஒரு தாளை நீளவாக்கில் மூன்று பத்தியாகப் பிரித்து, இயேசுவின் ஞானஸ்நானத்தைப் பக்கத்தில் பக்கத்தில் கையால் எழுதுங்கள்: மத்தேயு 3:13–17, மாற்கு 1:9–11, லூக்கா 3:21–22. மூன்றிலும் ஒத்த சொற்களைச் சிவப்பில், இரண்டில் மட்டும் ஒத்ததை நீலத்தில் அடிக்கோடிடுங்கள். கோடு விழாமல் மீந்து நிற்பது அந்தந்த நற்செய்தியாளரின் சொந்தக் குரல். மாற்கிலும் லூக்காவிலும் வானத்துச் சத்தம் ‘நீர் என்னுடைய நேசகுமாரன்’ என்று இயேசுவிடம் பேசுகிறது. மத்தேயுவில் ‘இவர் என்னுடைய நேசகுமாரன்’ என்று சுற்றி நிற்பவர்களிடம் பேசுகிறது. யோவான் தயங்கித் தடுத்ததும் மத்தேயுவில் மட்டும்தான். பெரியவர் ஏன் சிறியவரிடம் ஞானஸ்நானம் பெற்றார் என்ற கேள்வி அவருடைய வாசகர்களிடம் இருந்திருக்க வேண்டும். லூக்காவிலோ 3:20இலேயே யோவானைச் சிறையில் அடைத்தாகிவிட்டது. ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்றே அவர் சொல்வதில்லை, இயேசு ஜெபித்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் சேர்க்கிறார். லூக்கா நெடுகிலும் முக்கியமான கட்டங்களில் இயேசு ஜெபிப்பதைப் பார்க்கலாம்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, மூன்றையும் கலந்து நாலாவதாக ஒரு கதை உண்டாக்கிவிடுவது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் லூக்காவின் மேய்ப்பர்களும் மத்தேயுவின் சாஸ்திரிகளும் ஒரே மேடையில் நிற்பது அப்படி வந்ததுதான். மேடைக்கு அது சரி. கட்டுரைக்கு மத்தேயுவை மத்தேயுவாகவே விட வேண்டும்.

அடிக்குறிப்பில் ‘சில பிரதிகளில் இல்லை’

திருவிவிலியத்தை முதன்முதலில் கையில் எடுக்கும் சி.எஸ்.ஐ. மாணவர் இரண்டு இடங்களில் திகைப்பார். ஒன்று, கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள். நமக்குத் தெரிந்தவை 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, இரண்டு மக்கபேயர் ஆகிய ஏழும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டின் வழி வந்தவை. கோட்டாறு கத்தோலிக்கருக்கும் கல்கோவில் சி.எஸ்.ஐ.காரருக்கும் சண்டை வைக்க அல்ல, வரலாற்றைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடம். புதிய ஏற்பாட்டின் காலப் பின்னணியைப் படிக்க மக்கபேயரைத் தவிர்க்கவே முடியாது.

இரண்டாவது திகைப்பு பெரியது. 1 யோவான் 5:7இல் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிற ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்ற வரி புதியவற்றில் இல்லை. வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள் என்று கன்வென்ஷன் மேடைகளில் கூடப் பேசப்படுவதுண்டு. நடந்தது இதுதான். அந்த வரி லத்தீன் பிரதிகளில் புழங்கியது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக்குப் பின் 1522இல் சேர்த்தார். அந்த மரபில் வந்த கிரேக்கப் பாடத்திலிருந்து நம் பழைய தமிழ் வேதாகமம் மொழிபெயர்க்கப்பட்டது. திரித்துவ உபதேசம் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த வரி கிரேக்கத்தில் இல்லாத காலத்திலேயே சபை அந்த உபதேசத்தை வகுத்துவிட்டது. மாற்கு 16:9–20 இன்னொரு உதாரணம். நான்காம் நூற்றாண்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளான சினாயித்திக்கஸ், வத்திக்கானஸ் இரண்டிலும் மாற்கு 16:8உடன் முடிந்துவிடுகிறது.

மொழிகள்

கிரேக்கமும் எபிரெயமும் என்றாலே பயப்படுகிறார்கள். கிரேக்கத்தில் தமிழ் மாணவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. வேற்றுமை உருபு என்றால் என்ன என்று அவருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். எட்டு வேற்றுமை படித்தவருக்கு ஐந்து பெரிதில்லை. ‘வந்தான்’ என்ற ஒரே சொல்லில் யார், எப்போது என்பதெல்லாம் அடங்கியிருப்பதுபோல் கிரேக்க வினையிலும் விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடும். தமிழில் இல்லாததும் தடுமாற வைப்பதும் ஆங்கில ‘the’ போன்ற கிரேக்கச் சுட்டிடைச்சொல். பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப அதற்கு 24 வடிவங்கள். புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ ஏழு சொல்லுக்கு ஒன்று இதுதான் என்பதால் முதல் இரண்டு வாரத்தில் இதை மனப்பாடம் செய்துவிடுவது லாபம். 50 முறைக்கு மேல் வரும் சொற்கள் சுமார் 310. அவ்வளவு தெரிந்தால் புதிய ஏற்பாட்டில் நாலில் மூன்று பங்குக்கு மேல் கண்ணுக்குப் பழகிய சொற்களாக இருக்கும். தினம் பத்துச் சொல் என்றால் ஒரு செமஸ்டருக்குள் முடிந்துவிடும். வாரக் கடைசியில் எழுபதையும் சேர்த்துப் படிக்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் தேர்வுக்குப் போகும்போது முந்தைய மாதச் சொற்களை மறந்திருப்பார்கள்.

எபிரெயத்தில் ஒரே எச்சரிக்கை: சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். நமக்கு ‘க’, ‘த’, ‘ப’ ஒவ்வொன்றும் ஒரே எழுத்து. எபிரெயத்தில் ‘த’ ஒலிக்கே இரண்டு மூன்று எழுத்து உண்டு. தொண்டையில் பிறக்கும் எழுத்துகளுக்குத் தமிழில் இணையே கிடையாது. மூன்று மெய்யெழுத்து கொண்ட வேர்களை வைத்துத்தான் அகராதியே அமைந்திருக்கிறது என்பதால், ஒரு மெய் மாறினால் வேறு வேருக்குப் போய்விடுவீர்கள். 22 எழுத்தையும் முதல் வாரத்திலேயே வலமிருந்து இடமாகக் கையால் எழுதிப் பழகிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

மொழி கொஞ்சம் தெரிந்ததும் ஒரு புது வியாதி வரும். ‘கிரேக்கத்தில் இதற்கு இப்படிப் பொருள்’ என்று சொல்லிவிட்டுப் பெரிய கோட்டை கட்டுவது. ‘அகாபே’ என்றால் தேவனுடைய தன்னலமற்ற அன்பு மட்டுமே என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம். செப்டுவஜிந்தில் 2 சாமுவேல் 13ஐ எடுத்துப் பாருங்கள். அம்னோன் தாமாரைக் கெடுத்துவிட்டு வெறுக்கிறான். முன்பு அவள்மேல் வைத்திருந்த ‘அன்பு’க்கு அங்கே இருக்கும் சொல் அகாபே. தேமா இந்த உலகத்தின்மேல் ஆசை வைத்து பவுலை விட்டுப் போனதற்கு 2 தீமோத்தேயு 4:10இல் வருவதும் அதன் வினைதான். ஒரு சொல்லின் பொருளை வாக்கியம்தான் தீர்மானிக்கும். அகராதி கொடுப்பது வாய்ப்புகளின் பட்டியல்.

வீட்டில் வரும் கேள்வி

இரண்டாம் ஆண்டில் நோவாவின் கதையை உன்னிப்பாகப் படிப்பார்கள். ஆதியாகமம் 6:19இல் எல்லா உயிரிலும் ஒவ்வொரு ஜோடி; 7:2இல் சுத்தமான மிருகங்களில் ஏழேழு. 7:17இல் நாற்பது நாள், 7:24இல் நூற்றைம்பது. இரண்டு பழைய மரபுகள் சேர்ந்து பின்னப்பட்டிருக்கின்றன என்ற விளக்கம் வகுப்பில் வரும். ஐந்தாகமங்கள், அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்கள், நான்கு மூலங்களிலிருந்து வந்தவை என்ற ஜெர்மன் அறிஞர் வெல்ஹவுசனின் 19ஆம் நூற்றாண்டுக் கோட்பாடும், அதை இன்று எத்தனை பேர் எத்தனை விதமாகத் திருத்துகிறார்கள் என்பதும் கூடவே வரும். லீவுக்கு ஊருக்கு வந்த மாணவர் இதை அரைகுறையாக வீட்டில் சொன்னதும், “வேதத்தைப் படிக்க அனுப்பினா இதையா படிச்சிட்டு வந்தே, மக்களே?” என்று அம்மாவுக்கு அழுகை வந்துவிடும். சேகரத்தில் உபதேசியார் ஒருவர் கூப்பிட்டு விசாரிப்பார்.

நாம் சொல்வது இரண்டு. வகுப்பில் வருவது ஒரு விளக்கம்; அதற்கு ஆதாரம் எது, எதிர்வாதம் எது என்று உங்களால் சொல்ல முடியாத வரை அதை உங்கள் முடிவாக வெளியே சொல்லாதீர்கள். முடிந்த பிறகும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாக்க வேண்டிய அவசரம் இல்லை. இன்னொன்று, சந்தேகத்தை ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல், தேர்வுக்கு ஒரு விசுவாசம், ஜெபக்கூட்டத்துக்கு ஒரு விசுவாசம் என்று பிரித்து வைத்துக்கொண்டவர்கள்தான் பிற்பாடு கஷ்டப்படுகிறார்கள்.

எங்கே, என்ன பெயரில்

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு பி.டிஎச்., ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பவர்களுக்கு பி.டி. இரண்டுமே இறையியலின் இளநிலைப் பட்டங்கள். வேதாகமம் இவற்றில் ஒரு பகுதி மட்டுமே. சபை வரலாறு, உபதேச இயல், பிற சமயங்கள், பிரசங்கக் கலை, ஆயர் பணி எல்லாம் கூடவே உண்டு. முழு நேரமும் வேதாகமம் மட்டும் இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் கால அட்டவணையைப் பார்த்துச் சோர்ந்துபோவதுண்டு.

இந்தியாவில் சீர்திருத்த சபைகளுக்கான இறையியல் பட்டங்களை வழங்கும் பழைய அமைப்பு செராம்பூர். கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று மிஷனெரிகளும் 1818இல் தொடங்கிய கல்லூரி அது. 1827இல் டென்மார்க் அரசரின் சாசனம் கிடைத்தது. 1918இல் வந்த செராம்பூர் கல்லூரிச் சட்டத்தின் கீழ் அதன் செனட் இயங்குகிறது. ஊருக்கு ஊர் உள்ள கல்லூரிகள் அதோடு இணைந்து பாடம் நடத்தும், பட்டம் செனட் கொடுக்கும். நாகர்கோவிலிலேயே லுத்தரன் சபையின் கன்கார்டியா இறையியல் கல்லூரி இருக்கிறது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. தமிழிலேயே இறையியல் கற்பிப்பதற்குப் பெயர் பெற்றது. மேற்கே போனால் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரி. கத்தோலிக்கக் குருத்துவ மாணவர்களுக்கு வழி வேறு. முதலில் தத்துவம், பிறகு இறையியல், மறைமாவட்டம்தான் அனுப்பும்.

‘பைபிள் காலேஜ்’ என்ற பலகை எங்கும் இருக்கும். சேரும் முன் அலுவலகத்தில் கேட்க வேண்டியது: பட்டத்தை யார் கொடுக்கிறார்கள்? செராம்பூர் செனட்டா, ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரமா, அல்லது கல்லூரியே அச்சடித்துக் கொடுக்கிறதா? பின்னால் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கும் எண்ணம் இருந்தால், இந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று அந்தப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; கல்லூரி சொல்வது போதாது. ஆயராக விருப்பம் இருந்தால் பேராயம் தேர்ந்தெடுத்து அனுப்பும் முறை உண்டு. நீங்களாகச் சேர்ந்து படித்து முடித்துவிட்டால் குருப்பட்டம் தானாக வந்துவிடாது. முதலில் சேகர ஆயரைப் பார்த்து, தேர்வு எப்போது, எத்தனை வயது வரை என்று விசாரிக்க வேண்டும். நூலகத்தையும் எட்டிப் பாருங்கள். கடந்த இருபது ஆண்டுகளில் வந்த விளக்கவுரைகள் அலமாரியில் இருக்கின்றனவா, மாணவர்கள் எடுத்ததற்கான தேதி முத்திரை அவற்றில் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாலே அங்கே எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் இருக்கும் வாரங்களில் மாற்குவை ஒரே உட்காரலில் வாசியுங்கள். சத்தமாக வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். அடுத்த நாள் ஆமோஸ், ஒன்பது அதிகாரம். பிறகு பிலேமோன், 25 வசனம். எங்கேயும் வசனத்துக்கு அடிக்கோடு போடாமல், ஒவ்வொன்றும் முடிந்ததும் இந்தப் புத்தகம் யாரிடம் எதற்காகப் பேசுகிறது என்று ஐந்து வரி எழுதித் தேதி போட்டு வையுங்கள். முதல் செமஸ்டர் முடிந்ததும் அதே புத்தகங்களுக்கு மறுபடியும் ஐந்து வரி எழுதலாம்.